சிமென்ட் பூசிய சோலார் பம்ப்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து, பக்கத்து குவார்ட்டர்ஸ் சுந்தரத்தின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு, வடக்குத்து கிராமத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போனேன்.

சுந்தரம் எலெக்ட்ரிகல் இன்ஜினீயர். ஆஃப் நாட்களில் ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து சோலார் பம்ப் வைத்துத் தருகிறார். வெயில் அடித்தால் தகடு கரண்ட் எடுக்கும், மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் கொட்டும். டீசல் வேண்டாம், ஒயர் வேண்டாம். கிணறு வற்றி, குடத்தோடு ஏரிக்கரை வரை நடந்த ஊருக்கு வேறென்ன வேண்டும்?

தண்ணீர் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சுந்தரத்தின் முகம் மாறிவிட்டது. தகடுகளைத் தாங்கும் இரும்புக் கால்களை யாரோ முழங்கால் உயரத்துக்கு சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். அடியில் இருந்த போல்ட் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"யார் செஞ்சது?"

"நான்தாங்க" என்றார் அஞ்சலை. பம்ப் நிற்பது அவருடைய களத்தில். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் மகனிடம் சொல்லிப் பூச வைத்தாராம்.

நாளைக்கு இடம் மாற்ற வேண்டி வந்தால் எப்படிக் கழற்றுவது என்று சுந்தரம் பொறுமையாக விளக்கினார். அஞ்சலை முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"கரண்டு பண்ற புகைபோக்கி எங்க வூட்டு வாசல்லேருந்து தெரியுது. கம்பம் நட்டு ஒயர் இழுக்க எம்மா நேரம் ஆவும்? அத்த வுட்டுட்டு, கழட்டிக்கினு போற மாதிரி ஒண்ண ஏன் வெச்சீங்க? மைன்ஸ் இந்தப் பக்கம் வருதா? எங்களக் கிளப்பப் போறாங்களா?"

அபத்தம் என்று சிரித்துவிடலாம்தான்... எனக்கே சந்தேகம் தட்டிவிட்டது. சுந்தரத்தைப் பார்த்தேன். அவர் மழுப்பவில்லை.

"தெரியலைம்மா. நிஜமாவே எனக்குத் தெரியாது."

அஞ்சலை பம்ப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்தார்.

"அதெல்லாம் வராதுன்னு பூசி மெழுகிச் சொல்லியிருந்தீங்கன்னா, இன்னிக்கே மூட்டை கட்டியிருப்பேங்க."

சொம்பில் தண்ணீர் பிடித்து நீட்டினார். குடித்தோம். ரிப்பேர் வந்தால் மேலே இருக்கும் தகட்டை மட்டும் கழற்றிக்கொள்ளலாம், கால்கள் அப்படியே இருக்கட்டும் என்று சுந்தரம் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் தூரத்தில் மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேடு. தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு மட்டும் ஒரு அடி முன்னால் வந்துவிட்ட மாதிரி... பிரமையா?

டவுன்ஷிப்பில் புதிதாக யாரைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்பது, 'பெர்மனென்ட்டா?' என்றுதான். அஞ்சலையும் அதைத்தான் கேட்டார் — வேலையைப் பற்றி அல்ல, ஊரைப் பற்றி.