வாபஸ் வாங்க மூன்று மணி வரை

பிள்ளைகளே, ஓட்டுக் கேட்டு யாராவது நம் பிளாக்குக்குள் வந்தால் அப்பா ஏன் பின்பக்கம் போய்விடுகிறார் என்று நீங்கள் இருவரும் பேசிச் சிரிப்பது எனக்குத் தெரியும். போன வாரம் தொழிற்சங்கத் தேர்தலுக்கு ஆட்கள் வந்தபோது நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டதைப் பெரியவள் பார்த்துவிட்டாள். "பயமாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். பயம்தான். எதைக் கண்டு என்று வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது, முன்பின்னாக இருக்கும்.

முந்திரிப் பழக் காலத்தில் பை நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாரே, அந்தப் பெரியப்பாவைப் பற்றியதுதான் இது.

எண்பதுகளின் நடுவில் நாம் குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கவில்லை. வடக்குத்து கிராமத்துக்கு அப்பால் நம் ஊரில் இருந்தோம். பெரியவள் அம்மா வயிற்றில் ஏழு மாதம். எங்கள் ஒன்றரைக் காணி நிலம் நிலக்கரி வெட்டுகிற மைன்ஸுக்குப் போயிருந்தது. நிலம் போன வீட்டுக்கு ஒரு வேலை என்ற வகையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஆனால் அந்த நிலத்தில் ஏர் ஓட்டியது, வரப்பில் அண்டை வெட்டியது, அறுத்துக் கட்டியது எல்லாம் அந்தப் பெரியப்பாதான். பத்திரம் என் அப்பா பேரில் இருந்ததால் வேலை எனக்கு வந்தது. அவருக்கு எழுதிக் கொடுக்க ஒரு சென்ட் மண்ணும் இல்லாததால் காண்ட்ராக்ட் கூலியாகப் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே மைன்ஸில், மண் ஓடுகிற ஒரே பெல்ட்டின் ஓரத்தில், சிந்தின மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு பூட்ஸ் கொடுத்தார்கள். அவர் காலில் டயர் செருப்பு.

தனியாக இருக்கும்போது அவரை "அண்ணே" என்று கூப்பிடுவேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ரொம்ப வருடம் கழித்துப் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்தார்கள். காலனிக்காரர்கள் கூடிப் பேசி, தலைவர் பதவிக்கு அண்ணனை நிற்கச் சொன்னார்கள். எதிரில் நின்றவர் அவருக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டர். மனு போட்டுவிட்டு அண்ணன் நேராக என்னிடம் வந்தார், நோட்டீஸ் எழுதித் தரச் சொல்லி.

"படிப்பு என்ன போடட்டும் அண்ணே?"

"ரெண்டாவது, மூணு வருசம் படிச்சேன். எல்லாத்தையும் கூட்டி ஆறாவதுன்னு போட்டுடு."

"அப்படிப் போடக் கூடாது."

"அப்ப படிப்பே வேணாம். எந்தெந்தக் கழனியில எத்தினி வருசம் வேல செஞ்சேன்னு போடு. ஊர்ல பாதிப் பேருக்கு அவங்க கழனி எங்க இருந்துதுன்னே மறந்துபோச்சி. எனக்கு வரப்பு வரப்பா தெரியும்."

ஜெயித்தால் முதலில் எதைச் செய்வீர்கள் என்று கேட்டேன். மூன்று விரலை மடக்கினார். மைன்ஸில் தண்ணீர் இறைக்க இறைக்கக் காலனிக் கிணறு வற்றிவிட்டது, அங்கே ஒரு கைப்பம்பு. பிணம் கொண்டுபோகிறவர்கள் வரப்பில் வழுக்கி விழாமல் சுடுகாட்டுக்கு ஒரு பாதை. மூன்றாவதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார். மைன்ஸுக்குப் போன நிலங்களில் கூலி வேலை செய்தவர்கள் யார் யார் என்று பஞ்சாயத்தே ஒரு பட்டியல் எழுதி, அவர்களுக்கும் வேலை கேட்டு மேலே அனுப்பும்.

"எழுது தம்பி, இன்னாத்துக்கு நிக்கிற? உன் வேலய யாரும் புடுங்க மாட்டாங்க."

எழுதினேன். போகும்போது மடியிலிருந்து மூன்று வெள்ளைத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையெழுத்து இருந்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், மனுப் போடுவதற்காக ஒரு வாரம் சிலேட்டில் எழுதி எழுதிப் பழகிய கையெழுத்து. "எனக்கு ஷிப்ட்ட வுட்டுட்டு வரமுடியாது. ஆபீஸ்ல எதுனா கேட்டா மேல எழுதிக் குடுத்துடு" என்றார்.

வெள்ளைத் தாளில் இப்படிப் போட்டுத் தரலாமா என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. காண்ட்ராக்ட் ஆட்கள் மாதப் பிறப்பிலேயே வெறும் தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் காண்ட்ராக்டர் பிறகு எழுதிக்கொள்வார். அண்ணனுக்குத் தெரிந்த முறை அதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டீக்கடையில் உட்கார்ந்து பெருமை பேசினேன். "என்னை நம்பி வெள்ளைப் பேப்பர்ல போட்டுக் குடுத்திருக்காரு" என்று.

வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் காண்ட்ராக்டர் நம் வீட்டுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, அவராகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி, வூட்டுல விசேஷமாமே. நல்லா பாத்துக்க. பிரபேஷன் எப்ப முடியுது?"

"இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுங்க."

"அதுக்கு முன்னாடி போலீஸ்ல விசாரிக்க வருவாங்க. எந்தப் போலீஸ்காரன் ஊருக்கு வந்தாலும் என் வூட்டாண்டதான் வண்டிய நிறுத்துறான். பையன் எப்படின்னு கேப்பான். நான் இன்னா சொல்லட்டும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். அச்சகத்துக்குக் கொடுத்திருந்த நோட்டீஸ், என் கையால் எழுதியது. வேலையில் இருக்கிறவன் தேர்தலில் தலையிடக் கூடாது என்பது விதி. சேர்ந்த அன்றே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"இத உன் ஆபீசராண்ட குடுத்தா, உன் லீவ் லெட்டர் ஒண்ண எடுத்துப் பக்கத்துல வெச்சிப் பாப்பாரு. வேற ஜோசியம் வேணுமா?"

நோட்டீஸை மடித்துத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அவன் போட்டுக் குடுத்த பேப்பர் உன்னாண்ட இருக்குதாமே. நாளைக்கு மூணு மணி வரைக்கும் வாபஸ் வாங்கலாம். நான் எதுவும் கேக்கல தம்பி. பொறக்கப் போற புள்ளைய நெனச்சி நீயே ஒரு முடிவு எடு." எழுந்து போகும்போது கதவோரம் நின்ற உங்கள் அம்மாவைப் பார்த்து, "உன் வூட்டுக்காரனுக்குக் கையெழுத்து முத்து முத்தா இருக்குதும்மா" என்று சிரித்தார்.

வண்டிச் சத்தம் அடங்கியது. பிறகு அம்மா சொன்னாள்.

"எழுதிடுங்க."

"அண்ணன் என்னை நம்பி..."

"அவராண்ட அதுக்கு மேல புடுங்க இன்னா இருக்குது? நமக்கு இந்த வேலய வுட்டா கழனி இருக்குதா, திரும்பிப் போய் உழ?" கதவைச் சாத்திவிட்டு வந்து, "தப்புதான். தெரிஞ்சிதான் சொல்றேன்" என்றாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். அவள் சொல்வதற்கு முன்பே என் மனசு எழுதி முடித்திருந்தது.

மறுநாள் காலை முதல் தாளில் எழுதினேன். 'சொந்தக் காரணங்களால் போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கை நடுங்கவில்லை. ஒரே வரி, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வரி. வேலைக்குக் காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லி அனுப்பினேன். லீவ் லெட்டர் எழுத மட்டும் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி போய் இறங்கி பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குள் நுழையும்வரை, அண்ணன் எங்கிருந்தாவது "தம்பி" என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த நேரம் பெல்ட்டுக்கு அடியில் குனிந்து மண் அள்ளிக்கொண்டிருப்பார் என்று தெரிந்தும் பார்த்தேன்.

கிளார்க் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"வேட்பாளர் எங்க?"

"ஷிப்ட்டுல இருக்காருங்க."

"நீங்க முன்மொழிஞ்சவரா?"

"இல்லீங்க."

"அப்ப வாங்க முடியாது. உங்களை அனுப்பினேன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டது ஒண்ணு தனியா வேணும். மாதிரி வெளிய ஒட்டியிருக்கு, பாத்துக்குங்க." தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் நாப்பது நிமிஷம்தான்."

எனக்கு நாற்பது நிமிடம் எதற்கு? இரண்டாவது தாள் மடித்துப் பையிலேயே இருந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். 'என் நம்பிக்கைக்குரியவரான' என்று ஆரம்பித்து, கோடு போட்ட இடத்தில் ஆளின் பேரை எழுத வேண்டும். அந்த முதல் இரண்டு சொல்லை எழுதிவிட்டேன். என் பேரை எழுத வரவில்லை.

பேனாவை உதறினேன். மை இருந்தது. போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது, ஆபீசர் என் லீவ் லெட்டரை எடுப்பது, உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் கண்முன் வந்தது. எழுதுடா, எழுதுடா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடியில் இருந்த அந்தக் கையெழுத்து, சிலேட்டில் பழகிய கையெழுத்து, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏறியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே மூன்று அடித்தது. கிளார்க் எட்டிப் பார்த்து, "என்னங்க, எழுதலியா?" என்றார். கதவைச் சாத்தினார்.

இதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கை வரவில்லை, அவ்வளவுதான்.

கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. "முடிஞ்சிதா?" என்றார் காண்ட்ராக்டர்.

"லெட்டர் சரியில்லன்னுட்டாங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "எட்டாவது படிச்சவன், ஒரு லெட்டர் உருப்படியா எழுதத் தெரியல. போ, பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்' என்னோடு மாதக்கணக்கில் இருந்தது. ஷிப்ட்டுச் சங்கு ஊதினால் திடுக்கிடுவேன். ஆபீசர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என் லீவ் லெட்டரைத்தான் எடுத்துவிட்டார் என்று நினைப்பேன். பிரபேஷன் முடிந்தும் வேலை நிரந்தரம் என்ற ஆர்டர் வரவில்லை. போலீஸ்காரர் வந்தார், காண்ட்ராக்டர் வீட்டு வாசலில்தான் நின்றார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை தெரியாது. பெரியவள் பிறந்து தலை நின்ற பிறகு ஆர்டர் வந்தது. தாமதத்துக்குக் காண்ட்ராக்டர் காரணமா, ஆபீஸ் வேலையே அப்படியா, அதுவும் தெரியாது.

அண்ணன் தோற்றுப்போனார். காலனி ஓட்டு முழுசும் அவருக்கு, ஊர் ஓட்டு முக்கால்வாசி காண்ட்ராக்டருக்கு. கைப்பம்பு மட்டும் மூன்று வருடம் கழித்து வந்தது. அந்தப் பட்டியலை யாரும் எழுதவில்லை. மீதிப் பேப்பரை அண்ணன் கேட்டபோது வெள்ளையாக இருந்த ஒன்றைக் கொடுத்தேன். மற்ற இரண்டும் செலவாகிவிட்டது என்றேன். அவர் நம்பினார். அவற்றில் என்ன எழுதினேன் என்பதையும் கிழித்துப் போட்டதையும் இதுவரை சொல்லவில்லை. அவரிடம் நீங்கள் சொல்லாதீர்கள் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

ஓட்டுப்போட்ட நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கூடத்து மூலையில் சாக்குத் துணி கட்டி மறைப்பு வைத்திருந்தார்கள். உள்ளே நான் மட்டும். அண்ணனுக்குக் கிடைத்திருந்தது குடைச் சின்னம். முத்திரையை அதன் மேல் குத்தினேன். மை ஈரமாக இருந்தது. அப்படியே மடித்தால் எதிர்ப்பக்கத்துச் சின்னத்திலும் ஒட்டிக்கொள்ளும், எண்ணுகிற இடத்தில் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சீட்டை இரண்டு கையிலும் ஏந்தி வாயால் ஊதினேன். வெளியே யாரோ, "உள்ள தூங்கிட்டியா?" என்று சத்தம் போட்டார்கள். விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஒட்டியது. மறுபடியும் ஊதினேன்.