புறங்கை

காலையில் சட்னி அரைக்கும்போது மிக்ஸி மோட்டாருக்குள்ளிருந்து கம்பிச்சுருள் கருகும் வாசனை வந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் அது சமையலறையை விட்டுப் போகவில்லை. பூதலூர்ப் பக்கம் எங்கள் வயலிலிருந்த மோட்டார் கொட்டகைக்கு இதே வாசனைதான்.

இப்போது அங்கே நாலுவழிச் சாலை போகிறது. அன்று தகரக் கதவைத் திறப்பதற்கு முன்பே மோட்டாரின் முனகல் உள்ளங்காலில் ஏறும். தரை எப்போதும் சொதசொதவென்று ஈரமாக இருக்க, சுவரிலிருந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கருகிச் செத்த பல்லிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு கொண்டுபோகும் என்னை வாசலிலேயே நிறுத்தி, அப்பா தினமும் ஒரே பாடத்தைச் சொல்வார்.

"எதையும் புறங்கையாலதான் தொடணும்மா. உள்ளங்கையால தொட்டா கரண்டு புடிச்சுக்கும், விடாது. புறங்கைன்னா கை தானா உதறிக்கும்."

சொல்லிக்கொண்டே, அந்த விதி தனக்கில்லை என்பதுபோல், சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதே பெட்டியைத் திறப்பார்.

ஒரு மழைநாளில் நான் போனபோது, ஒரு கை மேலே பெட்டியைப் பிடித்திருக்க, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். எழுப்பலாம் என்று, அவர் பழக்கியபடியே புறங்கையை நீட்டினேன். கை தானாக உதறிக்கொண்டது.

லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் அப்பாவின் உள்ளங்கையைப் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

இன்றும் தூங்குகிற மகளை எழுப்பப் போனால், என் புறங்கைதான் முதலில் நீள்கிறது.