தீப்பெட்டிக்குக் கப்பலில் இடம் கேட்ட கதை

1. அந்த ஒரு வரி

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் டாக்குமென்டேஷன் பார்த்துவந்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆபத்தான சரக்குக்கான டிக்ளரேஷன் எல்லாம் என் மேஜையில்தான் தயாராகும். ஒருநாள் காலை, சிறு துறைமுகங்கள் பற்றிய மாநில அரசின் வரைவுக் கொள்கை மெயிலில் வந்தது. யாரும் கருத்துச் சொல்லலாமாம், அதற்கு ஒரு கூட்டமும் உண்டாம். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: 'தீப்பற்றக்கூடிய சரக்கைக் கடலோரக் கப்பல்களில் ஏற்ற அனுமதி இல்லை.'

குஜராத்துக்கும் வங்காளத்துக்கும் எங்கள் பண்டல்கள் லாரியில்தான் போகும். வழியில் மழை பிடித்தால் குச்சி நமுத்துப்போகும். கடலோரக் கப்பல் வரப்போகிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினேன்.

"கடலுக்கும் நமக்கும் என்னம்மா? நாம கரிசக்காட்டுல கெடக்கோம்" என்றார்.

"அண்ணாச்சி, இந்த வரி இப்படியே நின்னுட்டா ஊரு சரக்கெல்லாம் கப்பல்ல போவும். நம்ம சரக்கு மட்டும் லாரியிலயே கெடக்கும்."

கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். முகம் மாறிவிட்டது.

"கூட்டம் எங்கன நடக்கு?"

"தூத்துக்குடியில. வெள்ளிக்கிழமை."

"நீயே பேசிரு ஜெசிந்தா. இந்தப் பேப்பரெல்லாம் ஒனக்குத்தான் தெரியும்."

நான் அதுவரை மைக்கைத் தொட்டதுகூட இல்லை.

2. வாசலில் தடை

கூட்டம் நடந்த அரங்கின் வாசலில் என் பையைப் பார்த்த போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். சாம்பிளுக்கு எடுத்துப்போன தீப்பெட்டி உள்ளே இருந்தது.

"எக்கா, தீப்பெட்டியெல்லாம் உள்ள விட முடியாது."

"சரி, பெட்டிய நீங்களே வச்சுக்கோங்க சார். குச்சிய மட்டும் தாங்க."

"குச்சிதானக்கா பத்தும்?"

"எங்கன வேணாலும் ஒரசிப் பாருங்க."

சுவரில் உரசினார். பற்றவில்லை. பூட்ஸில் உரசினார். அதற்கும் பற்றவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் தடவிய மருந்தில் உரசினால்தான் எங்கள் குச்சி பற்றும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கொண்டு போங்கக்கா" என்று நாலு குச்சியைக் கையில் கொடுத்தார். என்ன பேச வேண்டும் என்பது வாசலிலேயே கிடைத்துவிட்டது.

3. மூன்று நிமிடம்

ஆளுக்கு மூன்று நிமிடம். எழுதிவைத்திருந்த தாளை மடித்துவிட்டு, வாசலில் நடந்ததை அப்படியே சொன்னேன். மேடையில் இருந்த அதிகாரி கையை நீட்டினார். "அந்தக் குச்சியைக் கொடுங்கம்மா."

மேஜையில் உரசினார். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தி உரசினார். குச்சி ஒடிந்தது. அரங்கமே சிரித்தது.

"சார், வெளிநாட்டுக் கப்பல்ல இதே சரக்கு முறைப்படி பேக்கிங் பண்ணி, சர்டிஃபிகேட்டோட போகுது. கடல் கடந்து போற சரக்கு கரையோரமாப் போகக்கூடாதா?"

அதிகாரி சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் குறித்துக்கொண்டார். மணி அடித்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

சில மாதம் கழித்து இறுதிக் கொள்கை வந்தது. நேராக அந்த வரியைத் தேடினேன். 'உரிய பேக்கிங் சான்றும் தனி இட ஒதுக்கீடும் இருந்தால் அனுமதிக்கலாம்' என்று மாற்றியிருந்தார்கள்!

"அண்ணாச்சி, மாத்திட்டாவ!" என்று நான் போட்ட சத்தத்தில் பேக்கிங் ஹாலில் இருந்த பெண்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். முதலாளி நான் பிரிண்ட் எடுத்த பக்கத்தை வாங்கி, அவர்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

அதை மாற்றியது என் பேச்சு மட்டுமல்ல. சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்தும் கடிதங்கள் போயிருந்தன. ஆனாலும், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தலைப்பு நமக்குச் சம்பந்தமில்லாததுபோல் இருந்தாலும் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். வரைவாக இருக்கும்போது சொன்னால் அது கருத்து. ஆணையான பிறகு சொன்னால் வெறும் மனு.