அடொலொராத்தா என்று வைக்கலாமா?

இன்று மதியம் எங்கள் பேஸ்மென்ட் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மேலே குடியிருக்கும் இத்தாலிக்கார வீட்டுக்காரி லோரா அன்ரி, இன்னும் பெயர் வைக்காத எங்கள் மகள்.

அன்ரியின் முழுப்பெயர் அடொலொராத்தா என்று இன்றுதான் தெரியும். இத்தாலிய மொழியில் ‘துயரமுற்றவள்’ என்று பொருளாம். வியாகுல மாதாவின் பெயர்.

போன வருடம் மன்னாரில் கண்மூடிய என் மாமியாரின் பெயர் வியாகுலம். அதே மாதா!

“பிள்ளைக்கு இதையே வைப்பம்,” என்றேன்.

“விசரே உமக்கு? நாங்கள் பட்டது காணாதே? இன்னும் துயரத்தைக் கூப்பிட்டு மடியில வைக்கிறதோ?” என்றார் இவர்.

அன்ரியும் தன் ஆங்கிலத்தில் இவர் பக்கமே பேசினார். “எங்கட ஊரில தெருவுக்குத் தெரு இந்தப் பேர்தான். மூத்த பேத்திக்கு அப்பம்மான்ர பேரை வைக்கிறது வழக்கம். இங்க எனக்கு ஐந்து பேத்திகள், ஒருத்திக்கும் வைக்கேல்லை. வேண்டாம் பிள்ளை, பள்ளிக்கூடத்தில சிரிப்பினம்.”

கொஞ்சம் பொறுத்து, “உன்ர மாமி துக்கமான ஆளோ?” என்று கேட்டார்.

நான் இவரைப் பார்த்தேன்.

“இல்லை,” என்றார் இவர் மெல்ல. “அம்மா பூசைக்குள்ளயும் சிரிச்சுப் பேச்சு வாங்கிற ஆள்.”

பிறகு ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைப்போம் என்றும் சொல்லவில்லை. அன்ரி மட்டும் பிள்ளையைத் தூக்கி, அந்தப் பெயரை முழுதாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அழகான பெயர் என்று எல்லோரும் எழுதுவீர்கள். உங்கள் பிள்ளைக்கு வைப்பீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சுவாமியாரிடம் வெள்ளிக்கிழமை பெயர் சொல்லவேண்டும். கெதியாகப் பதில் தாருங்கள்.