ஞாயிற்றுக்கிழமை வலிக்காத இடுப்பு

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதற்கு முதலில் தண்டனை அனுபவித்தது உருளைக்கிழங்குதான். எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, “வாயுவா இருக்கும்” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனாள். அன்றோடு எங்கள் சமையலறையில் அதற்கு இடமில்லை. எனக்கோ உருளைக்கிழங்கு வறுவல் என்றால் உயிர். வலி அவருக்கு, பத்தியம் எனக்கு. இது எந்த ஊர் நியாயம்?

எண்பதுகளில் நாங்கள் ஆவடியில், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் அங்கே குடியிருந்தது. மாவட்டத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். திருநெல்வேலிக்காரர் உடம்புச் சூடு என்றார். இவரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். கோயம்புத்தூர்க்காரர் மெத்தை என்றார். கல்யாணத்துக்கு என் அப்பா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை பரணுக்குப் போனது. எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது, ஒன்றைத் தவிர. அதுதான் வாசலில் நின்ற ஸ்கூட்டர்.

அந்த ஸ்கூட்டரைக் கல்யாணத்துக்கு முன்பே பணம் கட்டிப் பதிந்துவைத்திருந்தார். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. வந்ததோ வந்தது, ஒரு நாளாவது ஒழுங்காகக் கிளம்பியிருந்தால் கேளுங்கள். காலையில் அதைத் தன் பக்கமாகச் சாய்ப்பார், பெட்ரோல் இறங்கட்டும் என்று. கிட்டத்தட்டப் படுக்கவே வைத்துவிடுவார். பிறகு நிமிர்த்தி, உடம்பை முறுக்கிக்கொண்டு உதைப்பார். கிளம்பாது. மறுபடி சாய்ப்பார். அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வைத்திருந்த எல்லோரும் இதைத்தான் செய்தார்கள். அதனால் யார் கண்ணுக்கும் அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

எனக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. ஒருநாள் வாயைத் திறந்தேன். “இன்னாத்துக்கு இப்ப வண்டி மேல கண்ணு வைக்கிற?” என்று பாய்ந்தார்.

பிறகு வந்தார் காலால் பிறந்தவர். பிறக்கும்போது கால் முதலில் வந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விடும் என்பார்கள். அப்படிப்பட்டவர் ஒருவர் பக்கத்து ஊரான பாடியில் கிடைத்தார். ஆள் நல்ல தாட்டியானவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, “அண்ணாத்தே, குப்புறப் படு” என்று சொல்லி ஏறி நிற்பார். இவர் “ஐயோ அம்மா” என்பார். அவர் இறங்கியதும், “சொம்மா சொல்லக்கூடாது, இப்ப தேவலாம் போலக் கீதுப்பா” என்பார். மிதித்தவர் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவார். திங்கட்கிழமை சாயங்காலம் பார்த்தால் இவர் மறுபடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்.

கடைசியில் குனிந்து செருப்பு மாட்ட முடியாத நிலை வந்தது. கரையான்சாவடியில் ஒரு டாக்டரிடம் போனோம். பஸ்ஸில்தான் போகவேண்டும் என்று இவர் பிடிவாதம். கடைத்தெருவுக்குக்கூட ஸ்கூட்டரில் போகிற மனிதர்! எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டாக்டர் கண்ணில் வண்டி படக்கூடாது.

டாக்டர் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். மரத்துப்போகிறதா, இருமினால் காலுக்கு வலி இறங்குகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “எலும்பு நல்லாத்தான் இருக்கு” என்றார். இவருக்கு முகம் தொங்கிப்போனது. இத்தனை வலிக்கு ஒரு சின்ன விரிசலாவது இருக்கவேண்டாமா?

“நரம்பு அழுந்துற அறிகுறியும் இல்ல. இது தசைப்பிடிப்பு. தினமும் ஏதோ ஒண்ணத் தப்பாச் செய்யறீங்க. ஆறுறதுக்குள்ள மறுபடி செய்யறீங்க. என்னைக்காவது வலி குறையுதா?”

“ஞாயித்துக்கெழமை கொறையும் சார். மிதிக்கிறாரே, அதான்.”

டாக்டர் மிதிப்பவரைப் பற்றி விசாரித்து, தலையில் கை வைத்துக்கொண்டார். “இனிமே யாரையும் மேல ஏற விடாதீங்க. சரி, ஞாயித்துக்கிழமை காலையில நீங்க எதச் செய்யறதில்ல?”

“வேலைக்குப் போறதில்ல சார்.”

“எதுல போறீங்க?”

“பஸ்ல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அடப்பாவி மனுஷா!” என்றேன், டாக்டர் முன்னாலேயே. நாற்காலியை விட்டு எழுந்து, அவர் சாய்ப்பதையும் முறுக்குவதையும் உதைப்பதையும் அப்படியே செய்து காட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டு, “இதுதாம்மா காரணம்” என்றார். பாரத்தோடு குனிந்து இடுப்பைத் திருப்புவதைப்போல அதற்குக் கெடுதல் வேறில்லையாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். ஆவடி நெருங்கியதும் மெல்லச் சொன்னார். “வண்டிய வித்துடுன்னு சொல்லிடுவாரோன்னு பயம். எங்கப்பா கூலிக்குப் போனாரே, அந்தப் பண்ணையாரோட சைக்கிள எங்கப்பா தள்ளிக்கினு அவரு பின்னாடியே நடப்பாரு. ஒரு நாள் ஏறினதில்ல. எங்க ஊட்ல சொந்த வண்டியில ஒக்காந்தது நான்தான்.” என் கோபமெல்லாம் எங்கே போனதோ. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“விக்க வேணாம். நான் உதைக்கிறேன்” என்றேன்.

மறுநாளிலிருந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான்தான் உதைத்தேன். சாய்க்கவேயில்லை. நிமிர்ந்து நின்று ஓங்கி ஒரு உதை. உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டு இன்னொன்று. கிளம்பிவிடும். குவார்ட்டர்ஸே வேடிக்கை பார்த்தது. இவர் மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்து போவார். சில மாதத்தில் இடுப்பு நேரானது. அதற்காவது என்னைச் சொன்னாரா? “உருளைக்கெழங்க நிறுத்தினேன், சரியாப்பூச்சு” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் ஆசைக்குப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் உருளைக்கிழங்கு போண்டா வாங்கித் தின்றுகொண்டேன்.

தொண்ணூறுகளில், பொத்தானை அமுக்கினால் கிளம்புகிற ஸ்கூட்டர் வாங்கினோம். என் காலுக்கு விடுதலை. முதல் நாள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்து, அவரைப் போகச்சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுத்த நிமிஷம் வாசலில் “அம்மாடி” என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், புது ஸ்கூட்டர் பாதி படுத்த மாதிரி அவர் கையில் நிற்கிறது. அவரும் அதே மாதிரிதான் நிற்கிறார்.

“பட்டன் இருக்கே! எதுக்குச் சாய்ச்சீங்க?”

“பழக்கத்துல கை பூடுச்சுடி. கத்தாத, வண்டியப் புடி.”

வண்டியை ஒரு கையிலும் அவரை ஒரு கையிலும் பிடித்தேன். சத்தம் கேட்டு எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா வெளியே வந்து, இவரை ஏற இறங்கப் பார்த்து, வாயைத் திறந்தாள்.

“வாயு இல்லக்கா” என்றார் இவர், குனிந்தபடியே. “வண்டிதான். அப்பவும் வண்டிதான்.”

அன்று சாயங்காலமே ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கிவந்தேன்.