ஹெலன் செய்தது சரியா?

போன செவ்வாய்க்கிழமை ஆவடி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ட்ரெயின் லேட். பக்கத்து பெஞ்சில் ப்ளஸ் டூ படிக்கிற இரண்டு பெண்கள். ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ இங்கிலீஷ் கட்டுரையை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கையில் கைடு. ஒரு வார்த்தை விட்டுப்போனால்கூட, "ஏய், 'தேர்ஃபோர்' எங்கடி?" என்று பிடித்துவிடுகிறாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும்.

"அருமையா சொல்றியேம்மா... கதை எதைப் பத்தி?"

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"கதையெல்லாம் படிக்கலை மேடம். ஆன்சர் மட்டும்தான்."

சிரித்துவிட்டேன். ஆனால் ட்ரெயின் ஏறி உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வயதில் நானும் அதே ஜாதி. கைடு ஜாதி! அந்த கர்வத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டவள் ஒருத்தி உண்டு. பருத்திப்பட்டு மல்லிகா.

எண்பதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் ப்ளஸ் டூ. மெட்ரிகுலேஷன் பள்ளி, இங்கிலீஷ் மீடியம், நான்கு வருடமாக இங்கிலீஷில் முதல் மார்க். இங்கிலீஷை நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற மாதிரி நடந்துகொள்வேன்.

மல்லிகாவின் அப்பாவும் என் அப்பாவும் ஃபேக்டரியில் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்து மெஷின். அவர் திடீரென்று மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு என்றார்கள். ப்ளஸ் டூ பாஸ் என்றால் ஆபீஸில் கிளார்க் வேலைக்கே எழுதிக் கொடுக்கலாம்.

இங்கேதான் சிக்கல். மல்லிகா ப்ளஸ் டூவில் எல்லாம் பாஸ், இங்கிலீஷ் மட்டும் ஃபெயில். அக்டோபரில் மறுபடி எழுதினாள். மறுபடி ஃபெயில். அவளுக்கு ஒரு தம்பி, ஒன்பதாவது படிக்கிறான். அவர்கள் அம்மா யோசித்துப் பார்த்து, ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலிலேயே, மல்லிகாவை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்:

"மார்ச்சுல இன்னொரு தபா எழுதட்டும். பாஸ் பண்ணா வேலை இவளுக்கு. இல்லேன்னா ஃபாரத்துல பையன் பேரை எழுதிக் குடுத்துடுவேன். வயசு வந்ததும் அவன் போவட்டும். இவ கட்டிக்குடுத்தா இன்னொரு ஊட்டுக்குப் போறவதானே?"

மல்லிகா தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனதும் அப்பா என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை தோறும் சைக்கிள்ல போயி அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடு." எனக்கும் அதே மார்ச்சில் அதே பரீட்சைதான். ஆனால் எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே! ரொம்பப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டேன்.

முதல் ஞாயிறு, பருத்திப்பட்டில் அவர்கள் வீடு. அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள். 'அக்கா' என்று ஆரம்பித்தேன். "அக்காலாம் வாணாம். டீச்சரு அக்கான்னு கூப்ட்டா எனக்கு சிரிப்பு வரும்," என்றாள். மல்லி ஆகிவிட்டாள்.

"சரி, ஹெலன் கட்டுரை சொல்லு பார்ப்போம்," என்றேன்.

ப்ளஸ் டூ இங்கிலீஷ் துணைப்பாடத்தில் ஹெலன் என்கிறவளைப் பற்றி ஒரு நீளமான கதை. இருபது மார்க் கேள்வி அதிலிருந்துதான் வரும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மல்லிகா ஆரம்பித்தாள். "ஹெலன் இஸ் த எம்பாடிமென்ட் ஆஃப்..." நான்கு வரி தடதடவென்று வந்தது. ஐந்தாவது வரியில் ஒரு வார்த்தை வரவில்லை. அவ்வளவுதான்... திரும்ப முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நின்றது.

"மல்லி, ஹெலன்னா யாரு?"

"அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு ரெண்டு தபா ஃபெயில் ஆவுறேன்?"

நியாயமான பதில்! அந்த மூன்று பக்கக் கட்டுரையை அவள் இரண்டு வருடமாக உருப்போடுகிறாள். ஹெலன் ஒரு பெண் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனவே தமிழில் கதையைச் சொன்னேன். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். தாமஸ் என்று ஒருவன், ரொட்டிக்கடை வைத்திருக்கிறான். மனைவி இறந்துவிட்டாள், மூன்று குழந்தைகள். தங்கை ஹெலன்தான் சமைத்துப் போட்டு வளர்க்கிறாள். பட்டணத்துப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். 'வேலை உனக்குத்தான், வா' என்று கடிதம் வருகிறது. தாமஸ் அதைப் பிரித்துப் படித்துவிட்டு மாவு டின்னுக்கு அடியில் ஒளித்துவிடுகிறான். பத்து வருடம் போகிறது. ஒரு நாள் சுத்தம் செய்யும்போது கடிதம் ஹெலன் கையில் கிடைக்கிறது. படிக்கிறாள். அடுப்பில் போடுகிறாள். அண்ணனுக்கு டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கதை முடிந்தது.

மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோதானா? டீ குடுத்துட்டாளா?"

"குடுத்துட்டா."

"ஒரு வார்த்தைகூட கேக்கலியா?"

"கேக்கலை. அதான் அவ நல்ல மனசு. எம்பாடிமென்ட் ஆஃப்..."

"அட நீ சும்மா இருடி," என்றாள் என் மாணவி.

அடுத்த ஞாயிறு போனபோது அந்தத் தெரு அடிபம்பில் குடங்கள் வரிசையாக நிற்க, பெண்கள் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமான தண்ணீர்ச் சண்டை என்று நினைத்து சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன். அப்போது எதிர்வீட்டு தனம் அக்கா குரல் கேட்டது.

"அந்த தாமஸ் இருக்கான் பாரு, அவனை மாதிரி ஆளை நான் எங்க ஊட்லயே பாத்துக்கீறேன்!"

தாமஸா? பருத்திப்பட்டிலா?

விஷயம் இதுதான். மல்லிகா தண்ணீர் பிடிக்கும்போது கதையை எடுத்துவிட்டிருக்கிறாள். ஏதோ பக்கத்துத் தெருவில் போன வாரம் நடந்த மாதிரி. தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. தனம் அக்கா ஹெலன் கட்சி. எதிர்க்கட்சிக்குத் தலைவி யார் தெரியுமா? மல்லிகாவின் அம்மாவேதான்.

"தாயி இல்லாத புள்ளைங்க மூணு கீது. அவ போயிட்டா அதுங்களுக்கு யாரு சோறு போடுவா? அவன் வேற இன்னா பண்ணுவான்?"

மல்லிகா பம்பை அடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கேட்டுக்கலாமே. 'நீ போயிட்டா புள்ளைங்க கதி இன்னா'ன்னு அவளாண்டயே கேட்டுக்கலாம்ல? அவன் ஏன் கேக்கல?"

மல்லிகாவின் அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

அன்றைக்குப் பாடம் நடத்தப் போனவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "இதையே இங்கிலீஷ்ல எழுதட்டுமா? கைடு மாதிரி வராது... எனக்குத் தெரிஞ்ச வார்த்தையில?" என்றாள். எழுதினாள். 'ஹீ ஹிட் த லெட்டர். ஷீ டிட் நாட் நோ. ஹீ குட் ஆஸ்க் ஹர். ஹீ டிட் நாட் ஆஸ்க்.' எல்லாம் மூன்று வார்த்தை, நான்கு வார்த்தை. என்னுடைய ஒரு வாக்கியத்துக்குள் அவளுடைய ஒரு பாராவை மடித்து வைத்துவிடலாம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு பயமாக இருந்தது. இதற்கெல்லாம் யார் மார்க் போடுவார்கள்? அப்பாவிடம்கூட, "கஷ்டம்ப்பா, அது ரெண்டாங்கிளாஸ் இங்கிலீஷ்," என்றேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. துணைப்பாடத்தில் இருந்த மீதிக் கதைகளும் ஒவ்வொன்றாக அடிபம்புக்கு வந்தன. தெரு தீர்ப்பு சொல்லச் சொல்ல, இவள் வீட்டுக்கு வந்து குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதினாள். தப்பைத் திருத்தினால் அதே தப்பை இரண்டாம் முறை செய்ய மாட்டாள். நோட்டு ஒன்று தீர்ந்து இரண்டாவது ஆரம்பித்தது. மூன்றாம் முறை எழுதுகிறவளுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பரீட்சை நாள். அவள் பிரைவேட்டாக எழுதினாலும் இருவருக்கும் ஒரே சென்டர். பேப்பரைப் பார்த்தேன். ஹெலன் வந்துவிட்டாள்! கேள்வியில் 'ஹெலன்', 'பிரதர்', 'ஃபர்கிவ்' என்ற மூன்று வார்த்தைகள் கண்ணில் பட்டதும் என் கை தானாக ஓட ஆரம்பித்தது. எம்பாடிமென்டில் தொடங்கி நான்கு பக்கம். ஒரு 'தேர்ஃபோர்' விட்டுப்போகவில்லை. அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டிக் கொடுத்துவிட்டு ராணி மாதிரி வெளியே வந்தேன்.

வாசலில் மல்லிகா நின்றிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

"ஹெலன் கேள்விக்கு நீ இன்னா எழுதின? சரின்னா, தப்புன்னா?"

"என்ன சரி, தப்பு?"

"அண்ணனை ஹெலன் மன்னிச்சது சரியா, உன் அபிப்பிராயம் இன்னான்னுதானே கேட்டுக்கீறான்?"

சைக்கிள் நின்றது. கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். அப்படித்தான் கேட்டிருந்தார்கள். என்னுடைய நான்கு பக்கத்தில் கதை இருந்தது, ஹெலனின் நல்ல மனசு இருந்தது, என் அபிப்பிராயம் மட்டும் ஒரு வரி இல்லை. எனக்கு அபிப்பிராயமே கிடையாதே... அப்புறம் எங்கே எழுதுவது?

"நீ என்ன எழுதின?"

"தப்புன்னு எழுதிட்டேன்டி. கைடுல சரின்னு போட்டுக்கீது, தெரியும். ஆனா அவன் கேக்காம ஒளிச்சு வெச்சான். அவளும் கேக்காமலே மன்னிச்சுட்டா. கேட்டுட்டு மன்னிச்சிருக்கணும். அப்பதான் அது மன்னிப்பு. இல்லேன்னா பயம்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "சுதா... கைடுக்கு மாத்தி எழுதினா முட்டை போட்டுடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று இங்கிலீஷ் விஷயத்தில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ரிசல்ட் அந்தக் காலத்தில் மாலைப் பேப்பரில் நம்பர் நம்பராக வரும். ஆவடி ஸ்டேஷன் வாசலில் பேப்பர் கட்டு வந்து விழுந்ததும் ஒரே கூட்டம். மல்லிகா அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா கையில் மடித்த மஞ்சள் பை. அதற்குள் ஆபீஸ் ஃபாரம். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

மல்லிகா, "நீயே பாரு," என்று பேப்பரை என்னிடம் தள்ளினாள். முதலில் என் நம்பரைத்தான் தேடினேன், ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவளுடையது. பொடிப் பொடி எழுத்து. ஒரு தடவை விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை, மூன்றாவது பத்தியில், வரிசையின் நடுவில்... இருந்தது!

மல்லிகா அழவில்லை. அம்மாதான் அழுதார். அழுதுகொண்டே பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, அங்கேயே டிக்கெட் கவுன்ட்டர் திண்டில் விரித்தார்.

"எழுதுடி."

"யார் பேரு?" என்றாள் மல்லிகா. வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"உன் பேருதான். நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

எழுதினாள். முத்து முத்தாக.

மார்க் பட்டியல் வந்தபோது இருநூறுக்கு அவள் எண்பத்து மூன்று. நான் நூற்று முப்பத்தொன்று. பள்ளியில் ஏழாவது இடம். அந்த ஹெலன் பதிலுக்கு அவளுக்கு எவ்வளவு போட்டார்கள், எனக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று கடைசி வரை தெரியாது. ஆனால் மூன்று மாதம் பாடம் நடத்தியது யார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அது நான் இல்லை.

வேலையில் சேர்வதற்கு முதல் நாள் இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். ரொம்ப நாளாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"மல்லி, உங்கம்மாவும் தாமஸ் மாதிரிதானே? தம்பி பேரை எழுதிடறேன்னு சொன்னாங்களே... நீ மன்னிச்சிட்டியா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இப்டி கேக்குற? தாமஸ் ஒளிச்சு வெச்சான். எங்கம்மா என் மூஞ்சிக்கு நேரா, உங்க ஊட்டு வாசல்லயே சொல்லிச்சு. ரெண்டும் ஒண்ணா?"

நான் மட்டும் எக்ஸாமினராக இருந்திருந்தால், இருபதுக்கு இருபது!