செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்பவர்

கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார் முபீனா. ஒத்தக்கடையிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில், யார் எந்தப் பாஷையில் பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள், எந்தப் பாஷையில் வைகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு வருவார். அந்தக் குரல்களில் சொக்கிப்போய், தல்லாகுளத்தில் இறங்க வேண்டியவர் காளவாசல் வரை போய்விடுவதும் உண்டு. கண்டக்டருக்கு இது பழகிப்போன சங்கதி.

"டீச்சர், இன்னைக்கும் ஸ்டாப்ப விட்டாச்சா? சரி சரி, கனவ முடிச்சுட்டே எறங்குங்க."

கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை. பிழைக்க வந்த வடநாட்டுக்காரர்கள் இரண்டு மொழிகளுக்கு நடுவே எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது ஆராய்ச்சி. எத்தனை புத்தகம் படித்தாலும் அவர் கையில் உள்ள வித்தை ஒன்றே ஒன்றுதான். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். முதலில் தமிழில். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எதிரே தரையில் சம்மணமிட்டு, அவரவர் வீட்டு மொழியில்.

ஒத்தக்கடைப் பக்கம் துணிப்பை தைக்கும் கூடம் ஒன்று. அங்கே தைக்கிற பைகள் 'நியாய வணிகம்' என்ற முத்திரையோடு கப்பலேறுகின்றன. தைத்த கைகளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்த முத்திரைதான் சத்தியம் செய்கிறது. ஜார்கண்டிலிருந்து வந்த பூல்மணியிடம் முபீனா விசாரித்தார். "எல்லாம் நல்லா இருக்கு அக்கா" என்றாள் அவள், மனப்பாடத் தமிழில். முபீனா செருப்பைக் கழற்றினார். சூப்பர்வைசர் மலையாண்டிக்குப் பொறுக்கவில்லை.

"அதான் நல்லா இருக்குன்னு சொல்லிருச்சே டீச்சர். இன்னும் என்னத்த கேக்கப் போறீங்க?"

"அது உங்களுக்குச் சொன்னதுண்ணே. எனக்கு இனிமேத்தான் சொல்லணும்."

தம் வீட்டு உருதுவை இந்திப் பக்கம் கொஞ்சம் வளைத்து, மெல்லக் கேட்டார். பூல்மணி அழுதுவிட்டாள். கழிப்பறைச் சாவி மலையாண்டியின் இடுப்பிலேயே தொங்குகிறதாம். ஒவ்வொரு தடவையும் அவரிடம் போய்க் கேட்க நாக்கூசுகிறதாம். பை வாங்கும் கம்பெனிக்கு முபீனா இதைச் சொன்னார். அடுத்த முறை போனபோது, சாவி சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவருக்கே ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், மூன்று வருட வேலை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவர் பரீதுக்கு விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை. அதை விட்டுவிட்டு அவர் கூடப் போக முடியாது. கொஞ்ச நாளாக முபீனா, அடுப்பில் பால் பொங்கி வழிவதை அருவி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பாவம், அந்தப் பரீதும் எத்தனை நாள்தான் கடுங்காப்பியே குடிப்பார்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"போறியா முபீ?"

"எதுக்குங்க? இங்க எனக்கு என்ன கொறை? எல்லாம் நல்லாத்தானே இருக்கு."

பரீத் சிரித்தார். "அடேயப்பா! பூல்மணி தோத்தா போ."

செருப்பைக் கழற்றினார். ஓரமாக வைத்தார். முபீனாவின் எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து இருவரும் தனியே பேசிக்கொள்ளும் உருதுவில், அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.

முபீனா கண்ணை மூடிக்கொண்டார். இமைக்கடியிலிருந்து நீர் கசிந்து கன்னத்தில் இறங்கியது. கை மெல்ல உயர்ந்து, பரண்மேல் கிடந்த பெரிய பெட்டியைக் காட்டியது.